நான்காம் படம்

காகிதத்துக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் நனைந்தபடி நடந்த நாட்கள் உண்டு. 1999-இல், சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில், கண்டுபிடிப்புகளுக்கான காப்புரிமை விண்ணப்பங்களைக் கவனிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். முகவர்கள் எழுதி முடித்த விண்ணப்பத்தைப் பதிவகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பு. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, சைம்ஸ் மதிலையும் நல்லாயன் பேராலயத்தையும் கடந்து, பிராஸ் பசா சாலை 51-ஆம் எண் கட்டடத்தின் நான்காம் மாடிக்குப் போக வேண்டும். இப்போது அங்கே நிற்கும் எஸ்எம்யூ பல்கலைக்கழகக் கட்டடங்கள் அன்று இல்லை. புல்வெளியும் மரங்களும்தான். மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடம் தேடி ஓட வேண்டும்.

முகப்பில் ஒரு மலாய் அம்மையார் இருந்தார். என் தாயாரின் வயது இருக்கும். வலது ஆள்காட்டி விரலில் ரப்பர் உறை மாட்டியிருப்பார். முதலில் படிவம் 1, பிறகு கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பு, உரிமைக்கோரல்கள், சுருக்கம், கடைசியில் வரைபடங்கள் என்று கட்டைப் பிரித்து, தாள் தாளாகப் புரட்டுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் படித்ததில்லை. தாள்களின் வரிசையை மட்டும் பார்ப்பார். ஒருமுறை வரைபடங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர் கையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். "படம் நான்கு எங்கே?"

அது என் பையின் அடியில், ஈரத்தில் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்து நீட்டினேன். வாங்கி, அதற்குரிய இடத்தில் செருகி, முத்திரையை எடுத்து அழுத்தினார். நீல மையில் அன்றைய தேதி விழுந்தது. அந்தப் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது என் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

நடுங்கியதற்குக் காரணம் உண்டு. காப்புரிமையில் தாக்கல் செய்த தேதிதான் உயிர். ஒரே கண்டுபிடிப்பை இரண்டு பேர் தனித்தனியே செய்திருந்தால், யார் முதலில் யோசித்தார் என்று யாரும் கேட்பதில்லை. யார் முதலில் தாக்கல் செய்தார் என்பதுதான் கேள்வி. முதல் தேதியை விட்டுக்கொடுக்காமல் மற்ற நாடுகளில் விண்ணப்பிப்பதற்கான 12 மாத முன்னுரிமைக் காலமும், உரிமையின் 20 ஆண்டு ஆயுளும் இந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகின்றன. கண்டுபிடிப்பாளரின் பல வருட உழைப்பு, ஒரு முத்திரையின் இரண்டு இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்த எழுத்தர், என் காலத்தையே சொகுசுக் காலம் என்பார். 1995 பிப்ரவரி 23-இல்தான் சிங்கப்பூரின் சொந்தக் காப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் இங்கே நேரடியாக விண்ணப்பிக்க வழியே கிடையாது. பிரிட்டனில் செல்லுபடியாகும் காப்புரிமை ஒன்றை வாங்கி, அது வழங்கப்பட்ட மூன்று ஆண்டுக்குள் இங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜூரோங்கில் ஒருவர் கண்டுபிடித்தது, கடல் கடந்து போய், அங்கே உரிமையாகி, மறுபடி கடல் கடந்து வந்து சேரும். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கையில் இருக்கும் உறையை ஒருமுறை தடவிக்கொள்வார்.

இணையத்தில் தாக்கல் செய்யும் முறை வந்தபோது எங்கள் அலுவலகத்தில் என்னைவிட மகிழ்ந்தவர் யாருமில்லை. ஓட்டமில்லை, மழையில்லை. முகப்பு மூடிவிடுமே என்ற பதைப்பில்லை. நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினாலும் அன்றைய தேதி கிடைக்கும். ஏ4 தாளில் இடப்பக்கம் இரண்டரை சென்டிமீட்டர், மேலே இரண்டு சென்டிமீட்டர் என்று அடிக்கோலை வைத்து ஓரம் அளந்த நான், கோப்பை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

2010 வாக்கில் ஒரு மாலை. கட்டுமானத் தொழிலில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் விண்ணப்பம். வரைபடங்களை அவருடைய வரைஞர் கறுப்பு மையில் தாளில் வரைந்து அனுப்பியிருந்தார். நான் அவற்றை ஸ்கேன் செய்து, மற்றக் கோப்புகளோடு ஏற்றி, அனுப்பிவிட்டு, ரசீதைச் சேமித்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலை கோப்பில் சேர்ப்பதற்காக அச்செடுத்தபோதுதான் பார்த்தேன். படம் 3-க்குப் பிறகு படம் 5 வந்தது. ஸ்கேனரில் இரண்டு தாள்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போயிருக்கின்றன. "படம் நான்கு எங்கே?" என்று முந்தைய மாலை யாரும் கேட்கவில்லை.

விடுபட்ட வரைபடத்தைப் பிறகு கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் முன்னுரிமை கோராத முதல் விண்ணப்பத்தில் அப்படிக் கொடுத்தால், கொடுத்த நாளுக்கே தாக்கல் தேதி தள்ளிப் போய்விடும். பழைய தேதியே வேண்டுமென்றால் அந்தப் படத்தையும் அதைப் பற்றிய பேச்சையும் கைவிட வேண்டும். அந்தக் கண்டுபிடிப்பின் முடிச்சே படம் 4-இல்தான் இருந்தது: இரண்டு குழாய்கள் பூட்டிக்கொள்ளும் குறுக்குவெட்டுத் தோற்றம். வாடிக்கையாளரிடம் எங்கள் முகவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவர் ஒரு நாளை இழக்கச் சம்மதித்தார். பொருளை அவர் இன்னும் யாருக்கும் காட்டியிருக்கவில்லை. அந்த ஒரு நாளுக்குள் வேறு எவரும் தாக்கல் செய்திருக்கவும் இல்லை. அது தெரிய வர எங்களுக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. ஏனென்றால் விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதத்துக்குப் பிறகே வெளியிடப்படுகின்றன. அந்த ஒன்றரை ஆண்டும் நான் சரியாக உறங்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். அனுப்பு என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன், ஏற்றிய கோப்பைத் திரையில் மறுபடி திறந்து, வாய்விட்டு எண்ணுவேன். பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு. படம் ஒன்று, படம் இரண்டு. புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் திகைப்பார்கள். சில மாதங்களில் அவர்களும் எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

காகிதத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. 2020-இல் கொவிட்-19 கிருமிப் பரவல் முறியடிப்புக் காலம், ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, நாடே வீட்டுக்குள் இருந்தது. அங் மோ கியோவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில், பக்கத்தில் மகள் இணைய வகுப்பில் இருக்க, நான் விண்ணப்பங்களைத் தாக்கல் செய்தேன். ஒரு தேதியும் தவறவில்லை. காகிதக் காலமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

கண்ணால் எண்ணவே முடியாத விண்ணப்பங்களும் உண்டு. உயிர்த்தொழில்நுட்ப விண்ணப்பம் என்றால் மரபணு வரிசைகளை அச்சிட்ட பட்டியல் மட்டுமே நூற்றுக்கணக்கான தாள்கள் வரும். ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகள் எறும்புச்சாரி போல ஓடும். அவற்றை இரண்டு கைகளால் அணைத்துத் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் ஏறியிருக்கிறேன். 2022 ஜூலை 1 முதல், எஸ்டி.26 என்ற அனைத்துலகத் தரத்தின்படி, அந்தப் பட்டியலைக் கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பாகத்தான் கொடுக்க வேண்டும். ஓர் எழுத்து வடிவத்துக்கு ஒவ்வாமல் இருந்தால் சோதனை நிரல் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும். இங்கே இயந்திரத்தின் கண் என் கண்ணைவிடக் கூர்மையானது. அதை மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் இயந்திரம் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதை அனுப்புகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஜப்பான் 1990 டிசம்பரிலேயே கணினிவழி விண்ணப்பத்தைத் தொடங்கி உலகுக்கு வழிகாட்டியது. அமெரிக்க அலுவலகம் 2024 ஜனவரி 17 முதல், விவரக்குறிப்பை டாக்எக்ஸ் என்ற வேர்ட் கோப்பு வடிவில் கொடுக்காதவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்குகிறது. கணினியால் படிக்க முடிகிற எழுத்து வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம், நியாயமானதுதான். வேதியியல் சமன்பாடுகள் நிறைந்த விண்ணப்பங்களை அனுப்பும் எங்களுக்கோ, ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது ஒரு குறியீடு இடம் மாறிவிடக்கூடாதே என்ற கவலை. ஆகவே அங்கும் அதே வேலை: அனுப்புவதற்கு முன் மூலத்தையும் ஏற்றியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக விரல் வைத்துப் பார்ப்பது.

இங்கே 2014 பிப்ரவரியில் ஐபி டூ எஸ்ஜி என்ற இணையவாசல் வந்தது. 2022 மே மாதம் அதன் இடத்தில், ஐபிஓஎஸ் எனும் சிங்கப்பூர் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் டிஜிட்டல் ஹப் வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பொத்தான்கள் இடம் மாறும். சில வாரங்கள் தடுமாறுவோம். பிறகு கை பழகிவிடும். அலுவலகத்தில் உட்கார்ந்து செய்கிறவர்களுக்கு அவ்வளவுதான். தனி ஆளாக விண்ணப்பிக்கிறவருக்கு அந்த வாசல் எப்படித் தெரியும் என்பது என் தாய்மாமாவால்தான் எனக்குப் புரிந்தது.

மாமா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் பற்றவைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை கேம்பல் லேனில் ஒரு பூக்கடைக்குப் பூத்தொடுத்துக் கொடுப்பவர். முப்பது வருடப் பழக்கம். தீபாவளி, தைப்பூசம் நெருங்கினால் நள்ளிரவு தாண்டியும் தொடுப்பார். சில ஆண்டுகளாக அவருடைய வலது கட்டைவிரல் மடங்க மறுக்கிறது. மாமா பொறுக்க முடியாமல் ஒரு சிறிய பிடிப்பானைச் செய்தார். மேசை விளிம்பில் திருகிக்கொள்ளலாம். இரண்டு தாடைகள் பூக்காம்புகளைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வில்சுருள் நூலைத் தளராமல் இழுத்து வைத்திருக்கும். கண்ணி போட்டு இழுத்தால் போதும், கட்டைவிரல் அழுத்த வேண்டியதில்லை. பதினெட்டு மாதம் கழிந்து விண்ணப்பம் வெளியிடப்பட்டுவிட்டதால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் அவரைத் தடுத்து நிறுத்துவதே பெரும்பாடாக இருந்தது. சமூக மன்றத்தில் தீபாவளிச் சந்தை நடக்கிறது, அங்கே மேசை போட்டுக் காட்டப் போகிறேன் என்றார். காட்டிவிட்டால் காப்புரிமைக்குத் தேவையான புதுமை போய்விடும் என்று சொன்னேன். சிங்கப்பூரில் கண்டுபிடிப்பாளரே வெளியிட்டதற்கு 12 மாதச் சலுகைக் காலம் உண்டு. 2017 அக்டோபர் இறுதியில் அதை விரிவாக்கினார்கள். ஆனால் எல்லா நாட்டிலும் அந்தச் சலுகை இல்லை. ஐரோப்பாவில் மிகக் குறுகலானது. அடுத்து, திருச்சியில் இருக்கும் அவருடைய மருமகன் அங்கேயே முதலில் விண்ணப்பித்துவிடலாம் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். அதற்கும் குறுக்கே விழ வேண்டியிருந்தது. இங்கே வசிப்பவர், பதிவாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்கக் கூடாது. இங்கே தாக்கல் செய்து இரண்டு மாதம் ஆகியிருந்தால் தடையில்லை. காப்புரிமைச் சட்டம் 34-ஆம் பிரிவு இது, மீறினால் குற்றம். எத்தனையோ பேருக்கு இது தெரியாது. வெளியூர் உறவினர் உதவுகிறார் என்றால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் நிறுவனத்தின் இளம் முகவர் ஒருவர், மாமாவோடு மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து, காசு வாங்காமல் விவரக்குறிப்பை எழுதிக் கொடுத்தார். மாமா தமிழில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன், அவர் எழுதுவார். கண்ணி, நார், முழம் என்ற சொற்களை விளக்குவதற்கு அத்தையைக் கூப்பிட்டுத் தொடுத்துக் காட்டச் சொன்னோம். "பெண்கள் மட்டும் செய்கிற வேலைக்குக் காப்புரிமை கொடுப்பார்களா?" என்று அத்தை கேட்டார். கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்றேன்.

தாக்கல் செய்வதை மாமாவே செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். தனி விண்ணப்பதாரர் அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளமான தம்முடைய சிங்பாஸ் கொண்டு நுழையலாம். யீஷூன் வீட்டில், என் மடிக்கணினியை அவர் முன் வைத்தேன். கைப்பேசியால் சதுரக் குறியீட்டை வருட மூன்று தடவை முயன்றார். பற்றவைப்பில் தழும்பேறிய விரல்களுக்குத் திரை எளிதில் இணங்குவதில்லை. உள்ளே போனதும் கேள்வி மேல் கேள்வி. விண்ணப்பதாரர் யார், கண்டுபிடிப்பாளர் யார், இருவரும் வேறு வேறென்றால் உரிமை எப்படி வந்தது, முன்னுரிமை கோருகிறீர்களா. ஒவ்வொன்றிலும் என் முகத்தைப் பார்த்தார். இந்தக் கேள்விகளைப் பதிவக முகப்பில் ஒரு மனிதர் கேட்டிருந்தால் மாமா கை ஆட்டி விளக்கியிருப்பார்.

மின்னிலக்கத் தூதர்கள் சமூக மன்றங்களில் உட்கார்ந்து, முதியவர்களுக்குச் சிங்பாஸையும் கைப்பேசியையும் பொறுமையோடு சொல்லிக்கொடுக்கிறார்கள். மாமாவுக்கே அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மேசையில், மாதத்தில் ஒரு நாளாவது, இத்தகைய விண்ணப்பம் தெரிந்த ஒருவரும் உட்கார வேண்டும். பட்டறையிலும் சமையலறையிலும் பொருள் செய்கிற கைகள் நம்மிடையே நிறைய இருக்கின்றன. என்னைப் போல ஓய்வை நெருங்கும் எழுத்தர்களும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் நான் வருவேன்.

கோப்புகளை ஏற்றி முடித்தோம். மாமா பொத்தானை அழுத்தக் கையைக் கொண்டுபோனார். "எண்ணுங்கள் மாமா" என்றேன்.

"நான் போட்ட படங்கள்தானே அம்மா?"

"இருக்கட்டும், எண்ணுங்கள்."

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எண்ணினார். ஏழு படங்களும் இருந்தன. திரும்பவும் படம் 4-க்குப் போய் அங்கேயே நின்றார். வில்சுருளைப் பக்கவாட்டிலிருந்து காட்டும் படம் அது. "இந்தப் பன்னிரண்டு தவறு" என்றார். விவரக்குறிப்பில் வில்சுருளுக்கு எண் 12. வரைபடத்தில் 12-இலிருந்து போகும் கோடு, வில்சுருளைத் தொடாமல் அதற்குக் கீழே இருந்த திருகாணியில் போய் நின்றது. முகவர் பார்த்திருந்தார், நான் பார்த்திருந்தேன், இருவர் கண்ணிலும் படவில்லை. செய்தவர் கண்ணில்தான் பட்டது. முகவரைத் தொலைபேசியில் அழைத்தோம். அரை மணி நேரத்தில் திருத்திய கோப்பு வந்தது. பழையதை நீக்கிவிட்டு ஏற்றி, முதலிலிருந்து மறுபடி எண்ணினோம்.

அனுப்பியதும் திரையில் விண்ணப்ப எண் வந்தது. 10 என்று தொடங்கி, அடுத்து ஆண்டு 2023, அடுத்து ஐந்து இலக்கங்கள், கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. அந்த எழுத்து தவறாக விழுந்துவிட்டதோ என்று மாமா கவலைப்பட்டார். எல்லா எண்ணுக்கும் அப்படி ஓர் எழுத்து உண்டு என்று சொன்ன பிறகே முகம் தெளிந்தது. சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியின் அன்றைய தாளில் அந்த எண்ணை எழுதி, தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இது வெறும் தொடக்கம். 36 மாதத்துக்குள் தேடலும் ஆய்வும் கேட்க வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு, அதன் பிறகுதான் முடிவு தெரியும் என்று சொன்னேன். தலையாட்டினார். அந்தத் தேதியை என் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன்.

அத்தை தேநீர்க் கோப்பைகளோடு வந்தார். "முடிந்ததா? மொத்தம் எத்தனை பக்கம்?" என்றார்.

"இருபத்திரண்டு" என்றார் மாமா, திரையைப் பார்க்காமலே.